அடுக்களைப் பேச்சில் தமிழ்: தென்காசி, குற்றாலப் பகுதி உணவு வழக்குகளை முன்வைத்து

தமிழ் இலக்கியத்தில் உணவு பற்றிய செய்திகளைத் திரட்டிய கட்டுரைகள் பல உள்ளன. ஆற்றுப்படை நூல்களில் பாணர்க்கும் பொருநர்க்கும் அளிக்கப்பட்ட விருந்து, ஐந்நிலத்து மக்களின் உணவு வகைகள், சிறுபாணாற்றுப்படை சுட்டும் வீமசேனனின் சமையல் நூல் ஆகியன வகுப்பறைகளில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆயின், உணவைச் சமைப்போர் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சு ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுவது அரிது. சுவரின் இப்புறமும் அப்புறமும் நின்று இரு பெண்கள் நாள்தோறும் நிகழ்த்தும் அந்த உரையாடலில் தமிழ் எவ்வாறு வாழ்கின்றது என்பதைத் தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் வட்டாரத்தை முன்வைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வகைப் பேச்சு இலக்கியத்துக்குப் புறம்பானதன்று. கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாடலை நாம் முல்லைத் திணைக்கு எடுத்துக்காட்டாகப் பயில்கிறோம். புதுமணப்பெண் தயிரைத் தன் விரலால் பிசைகிறாள். கழுவாத கையை உடையிலேயே துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை மையிட்ட கண்ணில் நிறைகிறது. தானே துழாவிச் சமைத்த புளிப்பாகரைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இதனைக் கூறுபவள் செவிலி, கேட்பவள் நற்றாய். அதாவது, மகள் வீட்டுக்குப் போய் வந்த ஒருத்தி, மகள் என்ன சமைத்தாள், எப்படிச் சமைத்தாள், மருமகன் என்ன சொன்னான் என்று தாயிடம் சொல்கிறாள். இன்றும் நம் தெருக்களில் மறுவீட்டுக்குச் சென்று திரும்பும் பெண்கள் முதலில் சொல்லும் செய்தி இதுதான். நயம் பாராட்டும் உரையாசிரியர்கள் இப்பாடலை இல்லறத்தின் மாண்பு என்பர். நாம் அதனை மறுக்கவில்லை. அது சமையலைப் பற்றிய பேச்சு என்பதையும் உடன் சேர்த்துச் சொல்ல விரும்புகிறோம். தாளிப்பைக் குறிக்க அப்பாடலில் வரும் ‘குய்’ என்னும் சொல் இன்று வழக்கில் இல்லை. புளியும் தயிரும் கண்ணில் படும் புகையும் அப்படியே இருக்கின்றன.

குற்றாலத்தைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கூற வேண்டும். 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் தம் பிற்காலத்தைக் குற்றாலத்தில் கழித்தார். அவர் இல்லத்துக்கு இராஜாஜி, கல்கி முதலிய பலரும் வந்து தங்கினர். அங்கே கம்பன் பாடலும் விருந்தும் இணைந்தே நிகழ்ந்தன என்பதை அவருடைய நண்பர்கள் வாயூறி எழுதியிருக்கிறார்கள். கூடத்தில் நடந்த பேச்சுக்குக் கடிதமும் கட்டுரையும் நூலும் கிடைத்தன. அடுக்களையில் நடந்த பேச்சுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. ஒரு வீட்டின் இரு அறைகளில் ஒன்றுக்கு மட்டுமே ஏடு கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

‘என்ன ஆணம்?’

தென்காசிப் பகுதியின் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் நண்பகல் பொழுதில் கேட்கும் பேச்சுக்கு ஒரு மாதிரி கீழே தரப்படுகிறது. எந்தத் தெருவிலும் ஏறத்தாழ இவ்வாறே இது நிகழும்.

“மைனி, இன்னைக்கு என்ன ஆணம் காய்ச்சினிய?”

“என்னத்தக் காய்ச்ச. நேத்து ஆணம் கிடக்கு. புளியாணம் மட்டும் வச்சேன்.”

“பூண்டைத் தட்டிப் போட்டியளா, தாளிச்சியளா?”

“தட்டித்தான் போட்டேன். தாளிச்சா வாசனை வேறல்லா.”

“புளி எம்புட்டு?”

“சின்ன நெல்லிக்காய் அளவு. பழைய புளின்னா குறைச்சுக்கிடணும். நுரை கூடினதும் இறக்கிரணும், கொதிக்க விட்டுரப்பிடாது.”

இவ்வுரையாடலில் முதலில் நம் கருத்தைக் கவர்வது ‘ஆணம்’ என்னும் சொல். பிறர் குழம்பு என்று வழங்குவதை இவர்கள் ஆணம் என்கின்றனர். கறியாணம், மீனாணம், பருப்பாணம், புளியாணம் என இச்சொல் தொகைச்சொற்களையும் பெற்றுள்ளது. வகுப்பில் மாணவர்களிடம் ‘உங்கள் வீட்டில் என்ன சமையல்?’ என்று கேட்டால், முஸ்லிம் மாணவர்கள் கண நேரம் தயங்கி, ‘குழம்பு’ என்று மாற்றிச் சொல்வதைக் காண்கிறோம். வீட்டுச் சொல் வகுப்பறைக்கு ஏற்றதன்று என்று அவர்களாகவே முடிவு செய்துகொள்கின்றனர். ஆணம் என்பது ஏதோ அரபுச் சொல் என்றோ, கொச்சை என்றோ எண்ணுவோரும் உண்டு.

உண்மை அதற்கு நேர்மாறானது. ஆணம் தமிழ்ச் சொல். அகராதிகள் அதற்குக் குழம்பு என்றும், அன்பு என்றும் பொருள் தருகின்றன. கலித்தொகையின் கடவுள் வாழ்த்துப் பாடலில் ஆணம் என்னும் சொல் அன்பு என்னும் பொருளில் ஆளப்பட்டிருக்கிறது. குழம்பாகிய ஆணமும் அன்பாகிய ஆணமும் ஒரே வேரினவா, ஒலியால் மட்டும் ஒத்தனவா என்பது சொற்பிறப்பியலார் முடிவு செய்ய வேண்டியது. இரண்டையும் ஒட்டவைத்து இனிய விளக்கம் கூறிவிடும் ஆசையை மாணவர் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆயினும், சொற்பிறப்புக்கு வெளியே, வழக்கத்தில், இவ்விரு பொருளும் ஒன்றையொன்று தொடுகின்றன என்பதைக் கூறாமலிருக்க முடியவில்லை. குழம்பு சமைத்தால் அதில் நீரைச் சற்றுக் கூட்டி, அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் பதிவாகியுள்ளது. அந்த நபிமொழியைத் தமிழில் சொல்லும் மூதாட்டிகள் ‘ஆணத்தில் தண்ணியைக் கூட்டு’ என்றே சொல்வர். ‘என்ன ஆணம்?’ என்னும் கேள்வி இதனால்தான் வெறும் வினாவாக நிற்பதில்லை. ‘ஒன்றும் காய்ச்சவில்லை’ என்று விடை வந்தால், காரணம் கேட்கப்படுவதில்லை. சிறிது நேரத்தில் ஒரு கிண்ணம் சுவரைக் கடந்து செல்லும். அக்கிண்ணம் வெறுமையாகத் திரும்புவதுமில்லை. கேட்பவள் பசியை நேராகக் கேட்டிருந்தால் அது மானக்கேடாகும். ஆணத்தைக் கேட்பதால் இருவர்க்கும் மதிப்புக் குன்றுவதில்லை. உரையாடலை ஆராய்வோர் சொல்லுக்குரிய பொருளோடு நிற்காமல், அந்தச் சொல் அவ்விடத்தில் என்ன செய்கிறது என்றும் நோக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனிப் புளியாணம். புளியைக் கரைத்து, சீரகம், மிளகு, பூண்டு ஆகியவற்றைத் தட்டிப் போட்டு, நீர்க்க வைப்பது. பிறர் இரசம் என்று கூறுவதற்கு நெருங்கியது, ஆனால் அதுவன்று. இதனைப் பலரும் ‘புளியானம்’ என்று னகரம் இட்டு எழுதுகின்றனர். புளி, ஆணம் என்னும் இரு சொற்களின் புணர்ச்சி என்று உணர்ந்தால் ணகரமே பொருந்தும். எழுத்துப்பிழை நேர்வது செவியால் மட்டும் அறிந்த சொல்லை முதன்முதல் தாளில் எழுதும்போதுதான். அதாவது, இச்சொல் நூற்றாண்டுகளாகப் பேசப்பட்டு, அண்மையில்தான் எழுதப்படுகிறது. புளிப்பாகரும் புளியாணமும் ஒரே உணவு என்று நாம் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் முன்மொழி ஒன்றே. இரண்டையும் பேச்சில் கொண்டுவந்தவர்கள் பெண்களே.

இதே தெருவின் அடுத்த வளைவில் உள்ள இந்துக் குடும்பங்களில் சோற்றோடு தொட்டுக்கொள்ளும் கறிவகைக்கு ‘வெஞ்சனம்’ என்னும் சொல் வழங்குகிறது. இது வியஞ்சனம் என்னும் வடசொல்லின் திரிபு. வடமொழி இலக்கணத்தார் மெய்யெழுத்தையும் வியஞ்சனம் என்பர். உயிர் தனித்து இயங்கும். மெய் சேர்ந்தே இயங்கும். சோறு தனித்தும் உண்ணப்படும், வெஞ்சனம் சோற்றோடே உண்ணப்படும் என்று ஒரு வகுப்பில் விளக்கினால் மாணவர்கள் அந்தப் பாடத்தை மறப்பதில்லை. நாம் சுட்ட வருவது வேறொன்று. பொதுவழக்கு என்று கருதப்படும் வெஞ்சனம் வடசொல். முஸ்லிம் வழக்கு என்று ஒதுக்கப்படும் ஆணம் தமிழ்ச் சொல். வைணவ இல்லங்களில் இரசத்தைச் சாற்றமுது என்றும், பாயசத்தைத் திருக்கண்ணமுது என்றும் வழங்குவதைத் தமிழாசிரியர்கள் வியந்து பாராட்டுகிறோம். அது முற்றிலும் தகும். அந்த வியப்பில் ஒரு பங்கு ஆணத்துக்கும் உரியது.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியராக விளங்கிய எஸ். வையாபுரிப் பிள்ளை நெல்லைச் சீமையினர். திருநெல்வேலி வழக்கு, நாஞ்சில்நாட்டு வழக்கு, முகம்மதியர் வழக்கு என்றெல்லாம் குறியிட்டுச் சொற்களைத் தந்தது அப்பேரகராதியின் பெருமை. குறியிடுவது நல்லதே. ஆனால் குறி என்பது வழங்கும் இடத்தைச் சுட்டுவதேயன்றிச் சொல்லின் தகுதியைச் சுட்டுவதன்று. தொல்காப்பியர் திசைச்சொல்லைச் செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகவே வைத்தார்; வெளியே நிறுத்தவில்லை.

எல்லை கடந்த சொற்கள்

‘கறி’ என்னும் சொல்லின் வரலாறு தனிக் கட்டுரைக்குரியது. சங்க இலக்கியத்தில் கறி என்பது மிளகு. பட்டினப்பாலை புகாருக்கு வந்த கருங்கறி மூடைகளைக் கூறும். பின்னர் மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கும், காய்க்கும், தொடுகறிக்கும், ஊனுக்கும் அப்பெயர் பரவிற்று. இன்று முஸ்லிம் இல்லத்தில் ‘கறி எடுத்தாச்சா?’ என்றால் இறைச்சி. சைவ இல்லத்தில் ‘என்ன கறி?’ என்றால் காய். ஒரே சொல்லுக்கு அடுத்தடுத்த வீடுகளில் இரு பொருள். ஆயினும் இவ்விரு வீட்டாரும் பேசிக்கொள்கையில் எக்குழப்பமும் நேர்வதில்லை. யார் கேட்கிறார் என்பதே பொருளைத் தீர்மானித்துவிடுகிறது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்தினது. போர்த்துகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியா வந்தது. புதிய காய்க்குப் புதிய பெயர் தேடாமல், மிளகைப்போல் உறைப்பதால் மிளகாய் என்று பெயரிட்ட அறிவு அடுப்பின் அருகே நின்றவர்களுடையதாகவே இருக்க வேண்டும். அவ்வாறே மணத்தக்காளிக்கு உறவான புதுக்காயும் தக்காளியாயிற்று. கலைச்சொல்லாக்கம் பற்றிக் குழு அமைத்து விவாதிப்போர் இவ்விரு சொற்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த இப்பகுதிக்கு மலைக்கு அப்பாலிருந்தும் சொற்கள் வந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்தது. மாநிலச் சீரமைப்பின்போதே தமிழகத்தோடு இணைந்தது. பழைய எல்லை, தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையே பிரானூரில் இருந்தது. இன்று கேரள எல்லைக்குப் புளியரையைத் தாண்டி மலையேற வேண்டும். ஆனால் பிரானூரில் புரோட்டாவும் கோழியும் விற்கும் கடைகளை மக்கள் இன்றளவும் ‘பார்டர் கடை’ என்றே வழங்குகின்றனர். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருவோர், ‘பார்டருக்குப் போவோமா?’ என்று கேட்பது வழக்கம். எந்த எல்லை என்று அவர்களுள் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதில்லை. வரைபடத்தில் 1956இல் அழிந்துபோன கோடு ஓர் உணவுப் பேச்சில் மட்டும் அழியாமல் இருக்கிறது. ஊர்ப்பெயராய்வு செய்யும் மாணவர்கள் கல்வெட்டோடு நின்றுவிடாமல் கடைத்தெருவுக்கும் செல்லலாம் என்பதற்காக இதனை எழுதினோம். (அங்கே ஆய்வு செய்வதற்கு முன் உண்பதா, பின் உண்பதா என்பதை அவரவர் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்.)

அவியல் மலையின் இருபுறத்துக்கும் பொது. கூட்டாஞ்சோறும் உளுந்தஞ்சோறும் நெல்லைச் சீமைக்குரிய பெருமை. கூட்டாஞ்சோற்றில் அரிசி, பருப்பு, கத்தரி, வாழைக்காய், மாங்காய், முருங்கைக்கீரை என அனைத்தும் ஒரே பானையில் வேகும். சிறுவர் வீட்டுக்கு வீடு பொருள் வாங்கிக் கூடிச் சமைக்கும் விளையாட்டுக்கும் அதே பெயர். சொதி, தேங்காயின் முதற்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் என வகைப்படுத்தி வைக்கப்படும் குழம்பு. நெல்லைச் சைவ வேளாளர் இல்லத் திருமணத்தில் அதற்குத் தனியிடம் உண்டு. இலங்கைத் தமிழரிடமும் சொதி உண்டு. அது இடியாப்பத்தின் துணை. ஒரே பெயர் கடலுக்கு இருபுறமும் வேறுவேறு பக்குவத்தைக் குறிக்கின்றது.

கடலுக்கு அப்பால் சென்ற சொற்களுள் ‘பசியாறுதல்’ சிறப்பானது. காலை உணவை உண்பதற்குத் தமிழ் முஸ்லிம்கள் ‘பசியாறுதல்’ என்று வழங்குவர். ‘பசியாறிட்டியளா?’ என்பது காலைநேரத்து நலவிசாரிப்பு. மலேசியத் தமிழரிடமும், சமய வேறுபாடின்றி, இதே சொல் இன்று பெருவழக்காக உள்ளது. தென்காசி, கடையநல்லூர்ப் பகுதிகளிலிருந்து நெசவுத் தொழிலின் நலிவு காரணமாகப் பல குடும்பங்கள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பெயர்ந்தன. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தோன்றியது என்பதிலிருந்து அக்குடியேற்றத்தின் பழமையை உணரலாம். கடற்கரை ஊர்களின் ஆடவர் பலர் தனியே சென்று பொருளீட்டித் திரும்ப, இவ்வூர்களிலிருந்து பெண்டிரும் உடன் சென்றனர் என்பது குறிப்பிடத்தக்கது. பெண்கள் சென்றதால் அம்மியும் சென்றது. அம்மியோடு சொல்லும் சென்றது. இன்று அங்குள்ள பேத்தி கைபேசியில் கேட்க, இங்குள்ள பாட்டி ‘மைய அரைக்காதம்மா, ஒண்ணுரெண்டா தட்டு’ என்று விடை சொல்கிறாள். மை போல நுண்ணிதாக அரைப்பதே ‘மைய’ அரைத்தல் என்பதை அந்தப் பேத்தி அறிவாளோ என்னவோ. அம்மி இல்லாத வீட்டில் அச்சொல்லுக்கு வேலை குறைவு.

அளவும் பதமும்

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. உறவினர்கள் சமையற்குறிப்புக் கேட்டுத் தொடர்ந்து கடிதம் எழுதியதும், எல்லோர்க்கும் தனித்தனியே விடை எழுதியதுமே அந்நூல் தோன்றக் காரணமாயின. ஆகவே, தமிழின் புகழ்பெற்ற சமையல் நூல் ஒன்று உரையாடலிலிருந்தே பிறந்தது எனலாம். நூலானபோது ஒன்று கூடிற்று, ஒன்று குறைந்தது. கூடியது அளவின் உறுதி. குறைந்தது நிபந்தனை. முன்னர்க் காட்டிய உரையாடலை மீண்டும் நோக்குக. ‘நெல்லிக்காய் அளவு’ என்று கூறியவள் உடனே ‘பழைய புளி என்றால் குறைத்துக்கொள்ள வேண்டும்’ என்றாள். நூல் அளவைச் சொல்லும். பேச்சு அளவு மாறும் இடத்தைச் சொல்லும். எதிரே இருப்பவள் எந்தப் புளியை வைத்திருக்கிறாள், அவள் வீட்டில் எத்தனை பேர், யார்க்கு என்ன ஒவ்வாது என்பதை அறிந்து சொல்லும் அறிவு அது. இதனை வாய்மொழி மரபின் குறைபாடு என்று கருதுவோர் உளர். நமக்கு அது மேலான துல்லியமாகவே படுகின்றது.

1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பின் கடைகளில் கிலோவும் லிட்டரும் வந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்னும் வாய்ப்பாடு பாடப்புத்தகத்தை விட்டு நீங்கியது. அடுக்களையில் உழக்கு இன்னும் இருக்கிறது. அரிசிப் பானைக்குள் கிடக்கும் அந்தச் சிறு பித்தளைப் பாத்திரத்தின் பெயராக இருக்கிறது. புளிக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும், பெருங்காயத்துக்குச் சுண்டைக்காயும், உப்புக்குக் கையும் இன்றும் அளவுகள். காய்கனிகளையே அளவுகோலாகக் கொண்ட இம்முறையில் அளவுக்கருவியை விலை கொடுத்து வாங்க வேண்டிய தேவையில்லை என்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

பதம் என்னும் சொல்லுக்குத் தமிழ் மாணவர் சொல் என்று பொருள் கொள்வர். சமைப்போர் பக்குவம் என்று பொருள் கொள்வர். பாகு காய்ச்சும்போது இளம்பாகு, கம்பிப்பதம், உருட்டுப்பதம் என்று நிலைகளைப் பிரிப்பர். வெப்பமானி இல்லாமல் இரு விரல்களுக்கிடையே தொட்டு இழுத்துப் பார்த்தே அது அறியப்படும். மற்றச் செயல்களுக்கும் அப்படியே. அவித்தல் வேறு, வேகவைத்தல் வேறு. வறுத்தல் வேறு, வதக்கல் வேறு, வாட்டல் வேறு. சோறு ஆக்கப்படும், ஆணம் காய்ச்சப்படும், களி கிண்டப்படும், அப்பம் சுடப்படும், பருப்பு கடையப்படும். முறத்தின் முன் அமர்ந்தால் புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல் என மூன்று வினைகள் உள. தூற்றிச் சலித்துக் கல் நீக்கிய அரிசி பையில் வந்து சேரும் இக்காலத்தில் இவ்வினைகளுக்குச் செயல் இல்லை. செயல் போனபின் சொல் சிறிது காலம் நிற்கும். பின்னர் அதுவும் போகும். கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டபோது, வேளாண் குடியின் பேச்சு ஏடேறியது. தோப்பில் முஹம்மது மீரான் தம் புதினங்களில் தென்கோடி முஸ்லிம் மக்களின் பேச்சைக் கூச்சமின்றி அச்சேற்றினார். குற்றாலச் சாரலில் நனையும் இவ்வூர்களின் அடுக்களைகளுக்கு அத்தகையதோர் அகராதி வேண்டும்.

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை இங்கு நினைப்பது பொருத்தம். தன் மலைவளம் கூறும் குறத்தி, கிழங்கு தோண்டுவதையும் தேனெடுப்பதையும் தினை இடிப்பதையும் கூறுகிறாள். தலைவியின் மாளிகையில் நின்று அவள் பெருமிதத்தோடு சொல்வது தன் உணவைப் பற்றித்தான். வகுப்பறையில் ஆணம் என்று சொல்லத் தயங்கும் மாணவிக்கு அக்குறத்தியின் குரலை ஒருமுறை படித்துக் காட்டலாம்.

இரமலான் மாதத்து மாலைகளில் இவ்வூர்ப் பள்ளிவாசல்களில் நோன்புக்கஞ்சி வழங்கப்படும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் சேர்ந்த அக்கஞ்சிக்குத் தூக்குச்சட்டியுடன் வரும் சிறுவருள் எல்லாச் சமயத்தாரும் உண்டு. கஞ்சி என்னும் தமிழ்ச் சொல் போர்த்துகீசியர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று, சீன நாட்டுக் கஞ்சிக்கும் ஆங்கிலத்தில் பெயராயிற்று. மிளகுத்தண்ணீர் ‘முள்ளிகட்டானி’ என உருமாறி ஆங்கிலேயர் மேசைக்குச் சென்றதை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொற்றொகுதி பதிவு செய்துள்ளது. அயலார் நம் கஞ்சியையும் இரசத்தையும் தத்தம் அகராதிகளில் ஏற்றிவிட்டனர். புளியாணம் இன்னும் வாசலில் நிற்கிறது.

மாணவர்க்குச் சில குறிப்புகள்

இவ்வழக்குகளைத் தொகுக்க முனையும் மாணவர்கள் வினாநிரலோடு சென்று, ‘இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?’ என்று கேட்பதைத் தவிர்க்க வேண்டும். அவ்வாறு கேட்டால், படித்த பிள்ளை கேட்கிறது என்று எண்ணி, அவர்களும் ‘குழம்பு’ என்றே சொல்வர். சமையல் நடக்கும்போது உடனிருந்து, வெங்காயமாவது உரித்துக்கொடுத்துக்கொண்டு, இருவர் பேசுவதைக் கேட்க வேண்டும். தனிச்சொல்லை மட்டும் குறிக்காமல் அது வந்த வாக்கியத்தை முழுமையாகக் குறிக்க வேண்டும். சமைக்கக் கற்றது தாயிடமா, மாமியாரிடமா என்று கேட்பது இன்றியமையாதது. அடுக்களைச் சொற்கள் பெரும்பாலும் திருமணத்தின் வழியே ஊர்விட்டு ஊர் செல்கின்றன. பொட்டல்புதூரில் பிறந்து தென்காசியில் வாழ்க்கைப்பட்டவர் இரு ஊர்ச் சொற்களையும் அறிந்திருப்பார். எதனை எப்போது ஆள்கிறார் என்பது தனிச் சுவை. மேலும், சொன்னவரின் பெயரை அவர் இசைவு பெற்று எழுதுதல் வேண்டும். ஒரு செய்யுளுக்கு ஆசிரியர் பெயர் தெரியாவிட்டால் எவ்வளவு வருந்துகிறோம்! இத்தனை நூற்றாண்டுகளாக இச்சொற்களைக் காத்துத் தந்தவர் ஒருவர் பெயரையும் நாம் எழுதிவைக்கவில்லை.

அட்டைக்கு ஒரு மாதிரி:

புளியாணம். பெயர்ச்சொல். புளி + ஆணம். ணகரம் இட்டு எழுதுக. புளிக்கரைசலில் பூண்டு, சீரகம், மிளகு தட்டிப் போட்டு நுரை கூடும் பதத்தில் இறக்கும் நீர்த்த ஆணம். சோற்றில் ஊற்றியும் தனியே பருகியும் உண்பர். வழங்குவோர்: தமிழ் முஸ்லிம் குடும்பத்தினர். வழங்கிய வாக்கியம்: “நுரை கூடினதும் இறக்கிரணும், கொதிக்க விட்டுரப்பிடாது.” கற்றது யாரிடம்: சொன்னவர்:

கடைசி இரண்டு இடங்களையும் மாணவர் தத்தம் வீட்டில் கேட்டு நிரப்பிவருக.